மீளக்கூடிய முடிவுகள், மீள முடியாத முடிவுகள்: 2020 பொருளாதாரச் சரிவில் ஒரு யீஷூன் தம்பதி

இந்த ஆய்வில் வரும் கணவனும் மனைவியும் ஒரு குறிப்பிட்ட வீட்டைச் சேர்ந்தவர்கள் அல்லர். சிங்கப்பூரில் வாழும் மூத்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பொதுவான நிலைமைகளைக் கொண்டு அமைத்த மாதிரிக் குடும்பம் இது. அவர்களுடைய வரவு, செலவு, சேமிப்பு ஆகியவற்றின் தொகைகள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. ஆனால் அவர்கள் எதிர்கொண்ட திட்டங்கள், விதிகள், வட்டி விகிதங்கள், தேதிகள் யாவும் உண்மையானவை. பொருளாதாரம் சரியும்போது மூத்தோர் இல்லம் ஒன்று எதை முதலில் குறைக்கிறது, எதைக் கடைசிவரை தொடாமல் வைக்கிறது, அந்த வரிசை சரியானதா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

சரிவுக்கு முன்

கணவர் 1953இல் பிறந்தவர். செம்பவாங் கப்பல் பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளராகப் பல ஆண்டுகள் உழைத்து, அறுபதுக்கு மேல் சுற்றுப்பயணிகள் பேருந்து ஓட்டுநராக மாறியவர். மனைவி 1957இல் பிறந்தவர். ஒரு தொடக்கப்பள்ளி கேண்டீனில் சிறு கடை நடத்தியவர். இருவரும் மெர்டேக்கா தலைமுறையினர், அதாவது 1950களில் பிறந்த சிங்கப்பூரர்கள். யீஷூனில் உள்ள அவர்களது மூவறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடன் முழுவதும் அடைக்கப்பட்டுவிட்டது. அதன் 99 ஆண்டுக் குத்தகையில் சுமார் 65 ஆண்டுகள் எஞ்சியிருந்தன. மகனும் மகளும் தனிக் குடித்தனம் போய்விட்டதால், ஓர் அறையை மலேசிய ஊழியர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள்.

2019ஆம் ஆண்டு நிலவரப்படி ஒரு மாதத்தில் அவ்வீட்டுக்கு வந்த பணம் 4,460 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கணவரின் சம்பளமாக 1,900, கேண்டீன் கடையின் சராசரி நிகர வருவாயாக 1,100, அறை வாடகையாக 550, கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதியில் கணவரின் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து 410, பிள்ளைகள் கொடுத்தது 500. செலவு 2,700. அதில் சந்தைச் செலவும் சாப்பாடும் 850, மின்சாரம், தண்ணீர், நகர மன்றக் கட்டணம், தொலைபேசி எல்லாம் சேர்த்து 330, தனியார் மருத்துவக் காப்புறுதியின் ரொக்கப் பகுதி 260, தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் கணவரின் தங்கைக்கு மாதந்தோறும் அனுப்பும் 200, கோயில், மொய், பேரப்பிள்ளைகள் என்று 280. மருந்தும் மருத்துவரும் 120, போக்குவரத்து 160, மீதி சில்லறைச் செலவுகள். வங்கியில் 28,000 வெள்ளி இருந்தது. கணவரின் பெயரில் வங்கிப் பங்குகளும் தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளுமாக ஆண்டுத் தொடக்கத்தில் 24,000 வெள்ளி மதிப்புக்கு இருந்தன. மனைவியிடம் முப்பது பவுனுக்குச் சற்றுக் குறைவான நகை இருந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது நன்கு பரவலாக்கப்பட்ட வருமானமாகத் தோன்றும், அவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். வேலை, தொழில், வாடகை, சேமநிதி, பிள்ளைகள் என ஐந்து வாய்க்கால்கள். ஆனால் முதல் மூன்றுக்கும் மதகு ஒன்றுதான்: மனிதர் நடமாட்டம். சுற்றுப்பயணி வந்தால் பேருந்து ஓடும், பிள்ளைகள் பள்ளிக்கு வந்தால் கடை நடக்கும், எல்லை திறந்திருந்தால் வாடகைக்காரர் இருப்பார். வருமானத்தின் எண்ணிக்கையைப் பார்க்கும் நாம், அவை எதைச் சார்ந்து நிற்கின்றன என்பதைப் பார்ப்பதில்லை. மூத்தோர் வீடுகளில் இந்தப் பார்வை இன்னும் முக்கியம், ஏனெனில் அவர்களுக்குக் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் நேரில் நின்று செய்யும் சேவைத் தொழில்களே.

மார்ச், ஏப்ரல் 2020

கொவிட்-19 பரவலைத் தடுக்க மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை நடைமுறைப்படுத்தியது. ஊருக்குப் போயிருந்த வாடகைக்காரர் திரும்பி வரவில்லை. மார்ச் 23 நள்ளிரவு முதல் குறுகியகால வருகையாளர்கள் எவரும் சிங்கப்பூருக்குள் நுழைய முடியாது என்றானது. பேருந்து நிறுவனத்துக்கு ஓட்டுவதற்குப் பயணிகள் இல்லை. கணவரின் ஒப்பந்தம் ஏப்ரல் இறுதியோடு முடிந்தது. அப்போதைய சட்டப்படி முதலாளி மறுவேலை வாய்ப்பு அளிக்க வேண்டிய வயது வரம்பு 67. அவர் அந்த வரம்பை அவ்வாண்டே எட்டிவிட்டதால், புதிய ஒப்பந்தம் கேட்பதற்குச் சட்டத்தின் பிடிமானமும் இல்லை. (அந்த வரம்பு 2022 ஜூலையில் 68 ஆனது, 2026 ஜூலையில் 69 என்று உயர்த்த முடிவாயிற்று.) ஏப்ரல் 7 அன்று சிங்கப்பூரின் ஊரடங்கான நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியது, மறுநாள் முதல் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின, ஜூன் விடுமுறையும் மே 5க்கு முன்னதாகக் கொண்டுவரப்பட்டது. கேண்டீன் கடைக்கு ஜூன் 2 வரை ஒரு வெள்ளி வருமானமும் கிடையாது. மகனின் சம்பளமும் குறைக்கப்பட்டதால் அவர் கொடுத்த 300 வெள்ளி 200 ஆனது.

ஆக, 4,460 வெள்ளி வந்த வீட்டில் மே மாதம் நிச்சயமாக வரக்கூடியது 810 வெள்ளி. செலவோ 2,700. இளைய குடும்பம் ஒன்றுக்கு இது கடினமான ஓராண்டு. 67 வயதுக்காரருக்கோ எஞ்சியிருக்கும் உழைக்கும் ஆண்டுகளில் ஒரு பெரும்பகுதி கைநழுவுவதாகத் தோன்றுகிறது. அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. எனினும் மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலுமே அந்த அச்சம் எடுக்கவைத்த முடிவுகள்தான் இக்குடும்பத்துக்கு மிக அதிகமாகச் செலவு வைத்தன.

கணவர் மார்ச் 23ஐ ஒட்டிய அந்த வாரத்தில் தம் பங்குகள் எல்லாவற்றையும் விற்றார். ஆண்டுத் தொடக்கத்தில் 3,200 புள்ளிகளுக்கு மேல் இருந்த, சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையின் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீடு, மார்ச் 23 அன்று சுமார் 2,230க்கு இறங்கியிருந்தது. அதுவே அந்த ஆண்டின் அடிமட்டம். அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய 16,500 வெள்ளி. அவரை விற்கத் தூண்டியது 2008இன் நினைவு. அந்த ஆண்டு செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபோது, சிங்கப்பூரில் ஏறத்தாழ பத்தாயிரம் சிறு முதலீட்டாளர்கள் மினிபாண்டு முதலான கட்டமைப்பு முதலீடுகளில் பணத்தை இழந்தார்கள். அவர்களில் முதியவர்கள் பலர். அவற்றை விற்ற 10 நிறுவனங்கள் அத்தகைய முதலீடுகளை விற்க, நிதித்துறையைக் கண்காணிக்கும் சிங்கப்பூர் நாணய வாரியம் 2009இல் தடை விதித்தது. அந்தச் சம்பவத்தில் வைப்புத்தொகை போலவே பாதுகாப்பானது என்று நம்பி வாங்கியவர்களுக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. ஆனால் மினிபாண்டு என்பது எவரோ ஒருவர் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறினால் ஒன்றுமில்லாமல் போகும் ஒப்பந்தம். அவர் வைத்திருந்தவை உள்ளூர் வங்கிகளின், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சாதாரணப் பங்குகள். அவ்வாண்டு ஜூலையில் நாணய வாரியம் உள்ளூர் வங்கிகளின் ஈவுத்தொகையை 2019இல் கொடுத்ததன் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்தச் சொன்னது உண்மை. அது வரவைக் குறைத்ததே தவிர அழிக்கவில்லை. ஓராண்டில் அந்த வரம்பும் நீக்கப்பட்டது. 2021 வசந்தகாலத்திற்குள் குறியீடு 3,000 புள்ளிகளைத் தாண்டிவிட்டது. விற்றவர் மீண்டும் வாங்கவில்லை.

மனைவி எடுத்த முடிவு வேறு. ஏப்ரல் முதல் வாரத்தில், கடைகள் மூடுவதற்கு முன், சிராங்கூன் சாலையில் உள்ள அடகுக் கடை ஒன்றில் தம் தாலிக்கொடி தவிர்த்த பெரிய சங்கிலியை வைத்து 4,000 வெள்ளி பெற்றார். சிங்கப்பூர்ச் சட்டப்படி அடகுக் கடை வசூலிக்கக்கூடிய வட்டியின் உச்சவரம்பு மாதத்துக்கு 1.5 விழுக்காடு. நகையை மீட்க ஆறு மாதம். உச்சவரம்புக் கணக்குப்படி மாதத்துக்கு 60 வெள்ளி, ஆறு மாதத்துக்கு 360. ஆண்டுக் கணக்கில் 18 விழுக்காடு. அதே சமயம் கணவரின் வங்கிக் கணக்கில் 28,000 வெள்ளியும் பங்கு விற்ற 16,500 வெள்ளியும் ஏறத்தாழ வட்டியே இல்லாமல் கிடந்தன.

இங்குதான் இந்தக் குடும்பத்தின் உண்மையான பிரச்சினை வெளிப்படுகிறது. கணவர் பங்கை விற்றது மனைவிக்குத் தெரியாது. மனைவி நகையை அடகு வைத்தது கணவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இரண்டுமே தெரியாது. 28,000 வெள்ளி “ஆஸ்பத்திரிக்கும் காரியத்துக்கும்” என்று இருவர் மனத்திலும் ஒதுக்கப்பட்டிருந்ததால் அதைத் தொடுவது பற்றி எவரும் பேசவில்லை. தொடக்கூடாத பணம் என்று ஒன்றை ஒதுக்குவது நல்ல பழக்கம். ஆனால் அதைத் தொடாமல் இருப்பதற்காக 18 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்குவது சேமிப்பைக் காப்பதாகாது. அவ்விருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதியிருந்தால் இரு முடிவுகளும் நடந்திருக்க மாட்டா என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது ஒரு சரிக்கட்டல் எவர் கணக்கிலும் ஏறாதது. மனைவிக்கு நீரிழிவு. அரசாங்கப் பலதுறை மருந்தகச் சந்திப்பைத் தள்ளிப்போட்டு, இருக்கும் மாத்திரைகளைப் பாதியாக்கி இரு மடங்கு நாள்களுக்கு ஓட்டினார். இதனால் மாதத்தில் மிச்சமானது இருபது, முப்பது வெள்ளி இருக்கலாம். மெர்டேக்கா தலைமுறையினருக்குப் பலதுறை மருந்தகங்களில் உதவித்தொகை பெற்ற கட்டணத்தில் மேலும் 25 விழுக்காடு கழிவு உண்டு. நாட்பட்ட நோய்க்கான கட்டணத்தின் பெரும்பகுதியைச் சேமநிதியின் மருத்துவக் கணக்கான மெடிசேவிலிருந்து செலுத்தலாம். கையிலிருந்து போகும் ரொக்கம் மிகக் குறைவு. ஆனாலும் செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவானதும் மூத்த பெண்கள் முதலில் கைவைப்பது தங்கள் உடம்பிலும் சாப்பாட்டிலும்தான். பிறர் கண்ணுக்குத் தெரியாத செலவு என்பதே அதற்குக் காரணம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு கடுமையாக ஏறியிருந்தது. பங்கில் போன பணமாவது ஒரு நாள் திரும்பலாம். சிறுநீரகத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வந்த உதவிகள்

2020இல் அறிவிக்கப்பட்ட உதவித் திட்டங்களில் இக்குடும்பத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது சுயதொழில் செய்வோருக்கான வருமான நிவாரணத் திட்டம். மாதம் 1,000 வெள்ளி வீதம் ஒன்பது மாதத்துக்கு, மே, ஜூலை, அக்டோபர் என மூன்று தவணைகளில் தலா 3,000 வெள்ளி. மனைவி தம் கடை வருமானத்தை ஆண்டுதோறும் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குத் தவறாமல் அறிவித்து, மெடிசேவ் பங்களிப்பையும் கட்டிவந்தவர். அதனால் விண்ணப்பம் ஏதுமின்றித் தகுதி பெற்றார். சிறு தொழில் செய்யும் பலர் வருமானத்தை அறிவிப்பதை வீண் தொல்லையாகக் கருதுகிறார்கள். அறிவிக்காதவரின் தொழில் அரசின் கண்ணுக்கு இல்லாத தொழில் என்பது நெருக்கடி வரும்போதுதான் உறைக்கிறது.

இவற்றோடு, 21 வயதைக் கடந்த சிங்கப்பூரர் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்ட 600 வெள்ளி, இருவருக்குமாக 1,200 ஆனது. கணவர் ஏப்ரலில் தற்காலிக நிவாரண நிதியிலிருந்து 500 வெள்ளியும், வேலை இழந்தோருக்கான கொவிட்-19 ஆதரவு மானியமாக மாதம் 800 வெள்ளி வீதம் மூன்று மாதங்களுக்கும் பெற்றார். பின்னதற்கு அவர் விண்ணப்பிக்கவே விரும்பவில்லை. “இத்தனை வருஷம் யார்கிட்டயும் கை நீட்டினதில்ல” என்றார். சமூக சேவை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆவணங்களை மகள்தான் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக நிரப்பினார். “அப்பா, இது நீங்க கட்டின வரியில வர்ற பணம்” என்று அவர் சொன்ன பிறகே கணவர் இணங்கினார்.

எல்லாவற்றையும் கூட்டினால் 13,100 வெள்ளி. ஆகஸ்டு முதல் கணவருக்கு ஓர் உணவங்காடி நிலைய வாசலில் உடல் வெப்பம் பார்க்கும் வேலை 1,300 வெள்ளிக்குக் கிடைத்தது. செப்டம்பரில் அறைக்கு 500 வெள்ளிக்குப் புதிய வாடகைக்காரர் வந்தார். ஜோகூருக்கு அன்றாடம் போய்வர முடியாமல் இங்கேயே தங்க வேண்டியிருந்த மலேசிய ஊழியர் அவர். ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான ஒன்பது மாதங்களின் கணக்கைப் பார்த்தால், சேமநிதித் தொகையும் பிள்ளைகள் கொடுத்ததும் 7,290, உதவிகள் 13,100, வேலையும் வாடகையும் 8,500. மொத்தம் 28,890 வெள்ளி. ஜூன் முதல் அரைகுறையாக நடந்த கேண்டீன் வருமானம் இதில் சேரவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் 2,300 என்றும் அதன்பின் 1,950 என்றும் குறைந்த செலவு 18,250 வெள்ளி. அதாவது பங்கை விற்காமலும் நகையை வைக்காமலும் வங்கியிலிருந்து இரண்டு மாதங்களுக்கு மட்டும் சிறிது எடுத்திருந்தாலே போதுமாயிருந்தது. எடுத்ததையும் ஆண்டு முடிவுக்குள் திருப்பி வைத்திருக்கலாம். அவசரத்தில் எடுத்த அந்த இரு முடிவுகளும், முதல் உதவித்தொகை கைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு எளியது. சரிவின் முதல் மூன்று மாதங்களில் மூத்த குடும்பம் செய்ய வேண்டிய முதல் சரிக்கட்டல், திரும்ப எடுக்க முடியாத எதையும் செய்யாமல் இருப்பது. கையிலுள்ள ரொக்கம் அந்தக் காலத்தைக் கடப்பதற்காகத்தான் இருக்கிறது.

நன்றாகச் செய்தவை

ஜூலையில் மகனுக்கு விவரம் தெரிந்தது. மகளிடம் விண்ணப்பத்துக்காகக் காட்டிய வங்கிக் கணக்கு அறிக்கையில் 16,500 வெள்ளி வரவு இருந்ததிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அதன்பின் நான்கு பேரும் சேர்ந்து எடுத்த முடிவுகள் பெரும்பாலும் பக்குவமானவை.

காப்புறுதி அவற்றில் முதன்மையானது. கணவர் தனியார் மருத்துவமனைக்கான ஒருங்கிணைந்த காப்புறுதியை முற்றாக நிறுத்திவிட எண்ணியிருந்தார். 41 முதல் 70 வயது வரையிலானவர்கள் தனியார் பகுதியின் சந்தாவுக்கு மெடிசேவிலிருந்து ஆண்டுக்கு 600 வெள்ளிவரைதான் எடுக்க முடியும். மீதியும் துணைக் காப்புறுதியின் முழுத்தொகையும் ரொக்கம். அது அவருக்குச் சுமைதான். ஆனால் நிறுத்திவிட்டுப் பின்னாளில் மீண்டும் சேர வேண்டுமானால் உடல்நிலையை முழுமையாக அறிவிக்க வேண்டும். அந்த வயதில், இருக்கும் நோய்களோடு, நிறுவனம் மறுக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே நிறுத்தாமல், அரசாங்க மருத்துவமனையின் பி1 வகைப் படுக்கைப் பிரிவுக்குரிய காப்புறுதிக்கு இறங்கினார்கள். மாதம் ஏறக்குறைய 140 வெள்ளி மிச்சமானது. தரத்தைக் குறைக்க உடல்நிலைப் பரிசோதனை தேவையில்லை. அடித்தளமாக எல்லாச் சிங்கப்பூரருக்கும் உரிய மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி எப்படியும் இருக்கிறது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் அது காப்பளிக்கும்.

தங்கைக்கு அனுப்பும் 200 வெள்ளியைக் குறைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. இந்தியா மார்ச் 25 அன்று முழு ஊரடங்கில் போயிருந்தது, தங்கையின் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை இல்லை. குறைக்கவில்லை. வெளியிலிருந்து ஆலோசனை சொல்பவர்கள் இதை விருப்பச் செலவு என்ற பட்டியலில் போட்டுவிடுவார்கள். நான் அப்படிப் போட மாட்டேன். ஒரு குடும்பம் எந்தக் கடமையைத் தன் அடையாளமாக வைத்திருக்கிறதோ அதை வெட்டச் சொல்லும் திட்டம் நிலைக்காது. அவர்கள் அந்தப் பணத்தை வேறெங்கோ, பெரும்பாலும் மருந்திலோ சாப்பாட்டிலோ, யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடுவார்கள். மொய்யும் பயணமும் கோயில் செலவும் அவ்வாண்டு தாமாகவே சுருங்கிவிட்டதால் மாதம் 300 வெள்ளிவரை குறைந்தது.

வீட்டைப் பற்றியும் பேசினார்கள். குத்தகையின் பின்பகுதியை வீவகவுக்கே விற்கும் திட்டம் 2009இல் சிறிய வீடுகளுக்காகத் தொடங்கி 2019இல் எல்லா அளவு வீடுகளுக்கும் விரிந்தது. மூவறை மற்றும் அதற்குச் சிறிய வீடுகளுக்கு 30,000 வெள்ளிவரை ஊக்கத்தொகையும் உண்டு. விற்றுக் கிடைக்கும் பணம் முதலில் சேமநிதி ஓய்வுக்காலக் கணக்கை நிரப்பும். ஆனால் உரிமையாளர்கள் அனைவரும் 65 வயதை அடைந்திருக்க வேண்டும். மனைவிக்கு அப்போது 63. சிறிய வீட்டுக்கு மாறினால் அறை வாடகை போய்விடும். ஒரு மூத்த குடும்பத்தின் மிகப் பெரிய சொத்து நெருக்கடிக் காலத்தில் அவசரத்துக்கு உதவாத சொத்து என்பதை இவர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள். அதை விற்காமல் விட்டது நல்லதாயிற்று: 2022இல் வாடகைகள் வேகமாக ஏறியபோது அந்த ஓர் அறை மாதம் 850 வெள்ளி கொண்டுவந்தது.

அக்டோபர் தவணை வந்ததும் சங்கிலியை மீட்டார்கள். ஆகஸ்டில் தங்கத்தின் விலை ஓர் அவுன்சுக்கு 2,000 அமெரிக்க வெள்ளியைத் தாண்டியிருந்ததால் விற்றுவிடலாம் என்று மகன் சொன்னார். மனைவி சம்மதிக்கவில்லை. கணக்கின்படி மகன் சொன்னதில் தவறில்லை. எனினும் அந்த வீட்டில் மனைவியின் பெயரில், மனைவியின் கையில் இருந்த ஒரே சொத்து அந்த நகைதான். அவருடைய ஓய்வுக்காலக் கணக்கில் இருந்தது 22,000 வெள்ளி மட்டுமே.

மீட்சிக் காலம்

பொருளாதாரம் மீண்ட பிறகு மூத்தோர் வீட்டுக்கு வேறு வகையான நெருக்கடி வந்தது. 2022இல் பணவீக்கம் 6.1 விழுக்காட்டைத் தொட்டது. பொருள், சேவை வரி 2023 தொடக்கத்தில் 8 விழுக்காடாகவும் 2024 தொடக்கத்தில் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகள், மின்சார, தண்ணீர்க் கட்டணத்துக்கான யூ-சேவ் கழிவுகள் ஆகியவை ஓரளவு தாங்கின. இப்போது கணவர் உரிமம் பெற்ற பாதுகாவல் அதிகாரியாகக் குறைந்த நேர வேலையில் இருந்தார். மனைவி கடையை விட்டுவிட்டார்.

சரிவில் கற்ற பாடம் இக்காலத்தில் மூன்று இடங்களில் பயன்பட்டது. இருவரும் 1958க்கு முன் பிறந்தவர்கள் என்பதால் பழைய ஓய்வுக்காலத் தொகைத் திட்டத்தில் இருந்தார்கள். அதில் கணக்கில் பணம் தீர்ந்ததும் மாதத் தொகை நின்றுவிடும். 80 வயதுக்கு முன் விரும்பிச் சேர்ந்தால் சேமநிதி லைஃப் திட்டம் ஆயுள் முழுவதும் கொடுக்கும். இதுவும் எளிதில் பின்வாங்க முடியாத முடிவு. அதனாலேயே 2020இல் தொடாமல், 2022இல் வேலையும் வாடகையும் நிலைபெற்ற பிறகு, இருவரும் சேமநிதிச் சேவை நிலையத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துச் சேர்ந்தார்கள். அடுத்ததாக, மகன் தீபாவளிக்குக் கொடுக்கும் பணத்தில் 600 வெள்ளியைத் தாயின் ஓய்வுக்காலக் கணக்கில் போட்டார். 2021இல் தொடங்கிய ஈடுசேர்ப்புத் திட்டத்தின்கீழ் அரசு அதற்கு இணையாக 600 வெள்ளி போட்டது. 2025 முதல் இந்த உச்சவரம்பு ஆண்டுக்கு 2,000 வெள்ளி. 55 வயதைக் கடந்தவர்களின் முதல் 30,000 வெள்ளிக்கு சேமநிதி 6 விழுக்காடுவரை வட்டி தருவதால், அந்தச் சிறிய கணக்குக்கு இதைவிடப் பாதுகாப்பான வளர்ச்சி வேறெங்கும் இல்லை.

மூன்றாவது, குறைந்த வருமானமுள்ள மூத்தோருக்கு அரசு காலாண்டுதோறும் தரும் சில்வர் சப்போர்ட் உதவித்தொகை. 2021இல் அதன் தகுதி வரம்புகள் தளர்ந்தன. 55 வயதுவரையிலான மொத்த சேமநிதிப் பங்களிப்பு 1,40,000 வெள்ளிக்குள் இருந்தால் போதும் என்றானது. மூவறை வீட்டில், ஒருவருக்குச் சராசரி வருமானம் 1,300 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கு அப்போது காலாண்டுக்கு 720 வெள்ளி கிடைத்தது. 2025 முதல் அத்தொகை 860. தகுதியை அரசே ஆண்டுதோறும் கணித்துக் கடிதம் அனுப்பும். கணவருக்கு 2022 முதலும், 65 வயது நிறைந்த பிறகு மனைவிக்கும் கிடைக்கத் தொடங்கியது.

பங்கு விற்ற பணத்தில் 10,000 வெள்ளியை 2022 இறுதியில் ஆறு மாத அரசுக் கருவூலப் பத்திரத்தில் போட்டார்கள். அப்போது அதன் வருவாய் 4 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இழந்ததை அது ஈடுகட்டவில்லை. வட்டி குறைந்ததும் அந்தப் பணத்தைச் சிறுகச் சிறுகச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரங்களுக்கு மாற்றினார்கள். எந்த மாதத்திலும் அசலை இழக்காமல் திரும்பப் பெறலாம் என்பதே அவர்களைக் கவர்ந்தது.

தீராத கேள்வி

இக்குடும்பத்தின் வரவுசெலவு இன்று சமநிலையில் இருக்கிறது. ஆனால் அது இருவரும் உயிரோடிருக்கும்வரை மட்டுமே. கணவரின் வேலையும் சேமநிதித் தொகையும் சில்வர் சப்போர்ட்டும் அவரோடு நின்றுவிடும். மனைவிக்கு எஞ்சுவது தம் சிறிய சேமநிதித் தொகை, காலாண்டுக்கு 860 வெள்ளி, அறை வாடகை, பிள்ளைகள் கொடுப்பது. வாடகைக்காரர் ஒருவரைத் தனியாக வாழும் மூதாட்டி சமாளிக்க முடியுமா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆகவே குத்தகை விற்பனையை இப்போது இருவரின் தேவைக்காக அன்றி, பின்னாளில் மனைவி ஒருவரின் தேவைக்காகப் பரிசீலிக்க முடிவு செய்திருக்கிறார்கள். விற்றால் அந்தப் பணம் இருவரின் ஓய்வுக்காலக் கணக்குகளிலும் சேரும். மனைவியின் கணக்கு நிரம்பினால் அவருடைய ஆயுள்வரையிலான மாதத் தொகை உயரும்.

உயில் சேமநிதிப் பணத்தைக் கட்டுப்படுத்தாது. அதற்குத் தனி நியமனம் வேண்டும். இது தெரிந்ததும் இருவரும் புதிதாக நியமனம் செய்தார்கள். கணவரின் பழைய நியமனம் திருமணத்துக்கு முன் தம் தாயாரின் பெயரில் செய்தது. திருமணத்தோடு அது செல்லாததாகிவிட்டது என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தாங்கள் முடிவெடுக்கும் திறனை இழந்தால் தங்கள் சார்பில் முடிவெடுக்க, நீடித்த அதிகாரப் பத்திரத்தை மகளின் பெயரில் பதிந்திருக்கிறார்கள். வங்கிக் கணக்கு இப்போது இருவர் பெயரிலும் இருக்கிறது. எல்லாக் கணக்குகளின் பட்டியலும் ஒரு தாளில் எழுதப்பட்டு மகனிடமும் மகளிடமும் ஒரு பிரதி கொடுக்கப்பட்டுள்ளது. மனைவியின் மருந்துச் செலவு அதில் முதல் வரியில் இருக்கிறது; அதைக் குறைக்க நால்வரின் ஒப்புதலும் வேண்டும் என்று மகள் தம் கையால் எழுதியிருக்கிறார்.